'1984': ஜன்னலில் நின்று பார்த்தவன் எழுதின நாவலா?

ஆரல்வாய்க் காத்து | ஞாயிறு, இரவு 9.40

இன்று சாயங்காலம் வடசேரியில் புத்தகம் பேசக் கூடின ஏழு பேரில் அஞ்சு பேர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம். காரணம் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. நேந்திரங்காய் உப்பேரிகூட மீந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து சண்டையை இங்கே தொடருகிறேன். வராதவர்களுக்காகக் கதை நாலு வரியில்.

1949ல் வந்த நாவல். ஒரே கட்சி ஆள்கிறது, அதன் தலைவன் 'பெரியண்ணன்' படம் திரும்பின பக்கமெல்லாம். வீட்டுக்குள்ளே இருக்கும் டெலிஸ்கிரீன் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அணைக்க முடியாது. வின்ஸ்டன் ஸ்மித் என்றொரு கட்சி ஊழியன். உண்மை அமைச்சகத்தில் உத்தியோகம். பழைய பத்திரிகைகளைக் கட்சிக்குத் தோதாகத் திருத்தி வைப்பது வேலை. ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதுகிறான், ஜூலியாவைக் காதலிக்கிறான், பிடிபடுகிறான், 101ஆம் அறையில் சித்திரவதை செய்து அவனை உடைக்கிறார்கள். கடைசியில் பெரியண்ணன் மேலேயே பாசம் வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

என் புகார் இது. அந்த நாட்டில் 85 சதவீதம் பேர் 'புரோல்' எனப்படும் உழைக்கிற சனம். மிச்சமிருக்கிற நம்பிக்கை அவர்கள்தான் என்று வின்ஸ்டனே எழுதி வைக்கிறான். ஆனால் அவர்களில் ஒருத்தருக்காவது கதையில் வேலை உண்டா? ஒரு பெண் முற்றத்தில் குழந்தைத் துணி காயப்போடுகிறாள், வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, கவ்வாத நேரமெல்லாம் பாடிக்கொண்டு. மாடி ஜன்னலில் நின்று இவன் பார்த்து உருகுகிறான். நல்ல காட்சிதான். ஆனால் அவளிடம் இறங்கிப்போய் ஒரு வார்த்தை பேசினானா?

நம்ம ஊரில் இதே துணிதான் ஒரு ராஜ்ஜியத்தையே உறங்கவிடாமல் அடித்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களைப் போலக் கீழே வைக்கப்பட்ட மற்றச் சாதிப் பெண்களும் மாரை மறைக்கக் கூடாது. மறைத்தால் சந்தையில் வைத்தே கிழித்தார்கள். மறுபடி வேறு துணியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1822ல் கல்குளம் பக்கம் தொடங்கினது 1859 வரை ஓடியது, 37 வருஷம். அந்தப் பெண்கள் நாட்குறிப்பு எழுதவில்லை, தனியறையில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆர்வெல் ஜன்னல் வழியாகப் பார்த்தாரே, அந்த மாதிரிப் பெண்கள்தான்.

எதிர்ப்பு என்றால் படித்த ஒருத்தன் ரகசியமாகச் சிந்திப்பது என்று நினைக்கிற நாவல் இது. சாதாரண ஆட்களை நம்பாத நாவல். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.


நேந்திரன் | ஞாயிறு, இரவு 9.52

அண்ணாச்சி, உப்பேரி மீதியில்ல. நான் பையில போட்டாச்சி.


வேளிமலை | ஞாயிறு, இரவு 10.35

தம்பி, முதலில் ஒரு திருத்தம். வின்ஸ்டன் இறங்கிப் போகத்தான் செய்கிறான். மதுக்கடையில் ஒரு கிழவரைப் பிடித்து, புரட்சிக்கு முந்தின காலம் இப்போதைவிட மேலா கீழா என்று துருவித் துருவிக் கேட்கிறான். கிழவருக்கு ஓர்மை வருவதெல்லாம் அந்தக் காலத்துப் பெரிய மனுஷர்களின் உயரத் தொப்பியும், பீர் ஊற்றிக் கொடுத்த அளவும்தான். கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உதிரிப் பூவாகக் கிடக்கிறது, கட்ட நார் இல்லை. சாதாரண ஆட்களைப் பற்றி ஆர்வெல் சொன்னது இதுதான். நம்பவில்லை என்று சொல்வது அவசரம்.

இரண்டாவது, நீங்கள் மேல்சீலைக் கலகத்தைக் கொண்டுவந்து இந்த நாவலுக்குப் பக்கத்தில் நிறுத்தியது பொருந்தாது. அந்தப் பெண்களுக்கு ஒரு 'வெளி' இருந்தது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806லேயே வந்து மயிலாடியில் சபை தொடங்கியாகிவிட்டது. அவருக்குப் பின் 1818ல் மிஷனரி மீட் வந்தார். ரெசிடெண்டாக, அதாவது ராஜாவிடம் வெள்ளைக்கார அரசின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் மன்றோ 1810களிலேயே கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போடலாம் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்திருந்தார். கிழிபட்டவள் ஓடிப்போய்ச் சொல்ல நெய்யூரில் ஒரு மிஷன் வீடு இருந்தது. அங்கிருந்து மதராசுக்குக் கடிதம் போனது. 1859ல் மதராஸ் கவர்னர் டிரெவிலியன் நெருக்கினார், மகாராஜா உத்தரவு போட்டார்.

வின்ஸ்டனுக்கு நெய்யூர் கிடையாது. அவன் உலகத்தில் மூன்றே வல்லரசு, மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்று கேட்கிற நாவலிடம் போய், "எங்கள் ஊரில் தாங்கினார்களே" என்று நீங்கள் சொல்வது, நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்த கதைக்கு "எங்கள் கிணற்றில் படி உண்டு" என்று பதில் சொல்வது போல.


ஆரல்வாய்க் காத்து | ஞாயிறு, இரவு 11.05

அண்ணாச்சி, படி இருந்தது சரி. ஏறினது யார்? கடிதம் எழுதினவர் பெயர் மிஷன் அறிக்கையில் இருக்கிறது, கிழிபட்டவள் பெயர் இல்லை. நீங்களும் ஆர்வெல் மாதிரி ஜன்னலில் நிற்கிறீர்கள்.

வெள்ளைக்காரன் இல்லாத உதாரணம் வேண்டுமானால் 1954 ஆகஸ்ட் 11. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட ஊர்வலங்களின் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. சுட்டது சோஷலிஸ்ட் மந்திரிசபை, பட்டம் தாணு பிள்ளையினுடையது. அவர் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே ராஜினாமா செய் என்றார், செய்யவில்லை. இரண்டே வருஷம், 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் இந்தப் பக்கம் வந்தன. செத்தவர்கள் சாதாரண சனம். இது போதாதா?


வேளிமலை | ஞாயிறு, இரவு 11.20

போதாது. அங்கேயும் டெல்லி இருந்தது, மாநிலச் சீரமைப்புக் கமிஷன் இருந்தது, தன் கட்சி ஆட்சியையே கண்டிக்க ஒரு லோகியா இருந்தார், அவர் கண்டித்ததை அச்சடிக்கப் பத்திரிகை இருந்தது. எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள், நன்றி. உறங்கப் போகிறேன்.


மயிலாடி உளி | திங்கள், காலை 6.15

அய்யா உண்டு.

ராத்திரி முழுக்க ரெசிடெண்டும் கவர்னருமாகப் பேசியிருக்கிறீர்கள். இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் சாமித்தோப்பு இருக்கிறது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அங்கே அய்யா வழியைத் தொடங்கின வைகுண்டருக்கு எந்த மிஷன் வீடும் வெளியே இருந்து கை கொடுக்கவில்லை. சொல்லப்போனால் அவர் அந்தப் பக்கத்தையும் ஏற்கவில்லை. ராஜா பிடித்துச் சிங்காரத்தோப்பு ஜெயிலில் போட்டார். வெளியே வந்தவர் என்ன செய்தார்? தலையில் துணி கட்டக்கூடாது என்று இருந்த சனத்தைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். நான் இப்போதும் பதி என்கிற எங்கள் கோயிலுக்குள் போனால் கட்டித்தான் போகிறேன். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்களுக்கு முத்திரிக் கிணறு, எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளி என்றார். பள்ளியறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. காலகாலமாகக் குனிந்தே நடந்தவன் அதில் தலைப்பாகையோடு தன் மூஞ்சியைப் பார்ப்பான்.

நாவலில் புதுப்பேச்சு என்று ஒன்று வருகிறது. சொற்களை ஒவ்வொன்றாகக் கொன்றுவிட்டால் எதிர்த்து நினைக்கக்கூட வழி இருக்காது என்பது கட்சியின் திட்டம். இங்கே நடந்ததோ தலைகீழ். பனையேறுகிறவனின் ஏணிக்கும் வரி, கூலியில்லாத ஊழியம், தெருவில் இறங்க விலக்கு. எல்லாம் தனித்தனிக் கஷ்டமாகக் கிடந்தன. 'கலி' என்று ஒற்றைச் சொல்லில் அவர் அதைக் கட்டினார். ஆள்கிறவனுக்கு 'நீசன்' என்று பெயர் வைத்தார். வேளிமலை ஐயா நார் இல்லை என்றாரே, நார் இதுதான். எங்கள் வேதமான அகிலத்திரட்டு 1841ல் ஏட்டில் எழுந்தது, அச்சுக்கு வந்தது 1939ல். இடையில் 98 வருஷம் ஏட்டைப் பார்த்து எழுதி, உரக்க வாசித்து, காதால் கேட்டே அது நிலைத்தது. இப்போதும் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. நாட்குறிப்பைப் பிடுங்கலாம், ஊரே கேட்டதை என்ன செய்வான்?


வேளிமலை | திங்கள், காலை 10.10

உளி, நல்ல அடி. பாதி ஒப்புக்கொள்கிறேன். 'கலி' அவர் உண்டாக்கின சொல் அல்ல, புராணத்தில் கிடந்த பழைய சொல். ஆக உங்கள் உதாரணம் காட்டுவது, திருவிதாங்கூர் அரசால் மொழிக்குள் கை வைக்க முடியவில்லை என்பதைத்தான். அரசு பேசினது ஒரு மொழி, வீடு பேசினது வேறு. நாவலில் வீட்டுக்குள்ளேயும் அரசின் மொழிதான். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.


தோவாளைப் பிச்சி | திங்கள், மதியம் 1.30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுக்கவும். நேற்று ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண். ரெண்டு மணி நேரம் பெண்களின் துணியைப் பற்றி ஆறு ஆண்கள் பேசினதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும்.

எல்லாரும் 'அரசு, அரசு' என்கிறீர்கள். சந்தையில் வைத்துச் சேலையைக் கிழித்தது மகாராஜாவா? பக்கத்துத் தெருக்காரன். நாவலில் எனக்கு உறக்கம் கெட்ட இடம் 101ஆம் அறை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸை அவருடைய சொந்த மகளே சாவித்துளை வழியாக ஒட்டுக்கேட்டுப் பிடித்துக் கொடுக்கிறாளே, அதுதான். உறக்கத்தில் பெரியண்ணனைத் திட்டிப் புலம்பியிருக்கிறார் மனுஷன். ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார்! அடக்குகிற அரசு என்றால் மேலே இருக்கிற ஒரு கை என்று நினைத்தால் இந்த நாவலும் புரியாது, நம்ம ஊரும் புரியாது. உத்தரவு ஒரு காகிதம். அதை நடத்தினது ஊர்.

காத்து அண்ணனுக்கு ஒன்று. நீங்கள் நாவலில் ஜூலியாவை விட்டுவிட்டீர்கள். வின்ஸ்டன் தடைசெய்த புத்தகத்தை உரக்க வாசிக்கும்போது அவள் உறங்கிவிடுகிறாள். தத்துவம் வேண்டாம் அவளுக்கு. கள்ளச்சந்தையில் நல்ல காப்பியும் சீனியும் தேடிக்கொண்டு வருகிறாள், ஒருநாள் மூஞ்சிக்குச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறாள். நம்ம பாட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது அவளை. மேல்சீலை போட்டவள் சமத்துவம் பற்றிப் பிரசங்கம் கேட்டுத்தான் போட்டாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். போட்டுக்கொண்டால் நன்றாக இருந்தது, அதனாலும் போட்டாள். ஆண்கள் எழுதுகிற சரித்திரத்தில் இந்த ரெண்டாவது காரணம் வராது.


நேந்திரன் | திங்கள், மாலை 4.05

அக்கா சொன்னது செரியாக்கும்.

எனக்கொரு சம்சயம். எல்லாரும் 1859ல கெடக்குதிய. டெலிஸ்கிரீன அவன் செவுத்துல மாட்டி வச்சான். நாமளே காசு குடுத்து வாங்கி தலைமாட்டுல வச்சு ஒறங்குதோம். அதப் பத்தி யாரும்...


வேளிமலை | திங்கள், மாலை 4.20

நேந்திரன், செல்போன் உவமையை இந்த நாவல் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்லியாச்சு. வேறு கொண்டு வா.


நேந்திரன் | திங்கள், மாலை 4.22

செரி சாரே.


குளச்சல் கட்டுமரம் | திங்கள், இரவு 8.50

கடலுக்குப் போயிட்டு இப்பதான் பாக்குதேன். 1859 உத்தரவ இவ்வளவு பேரு பேசுதிய, ஒருத்தராவது அதுல என்ன எழுதியிருக்குன்னு சொன்னியளா? ஜூலை 26 தேதி. நாடார் பொம்பளைய குப்பாயம் போடலாம், இல்லன்னா முரட்டுத் துணிய மீன்காரப் பொம்பளைய முக்குவத்தியள மாதிரி சுத்திக் கெட்டலாம், எப்பிடி வேணும்னாலும் மறைக்கலாம், ஆனா மேல்சாதிப் பொம்பளைய மாதிரி மட்டும் உடுக்கப்படாது. இதாக்கும் ஜெயிச்ச காகிதம்.

அந்த முக்குவத்தி எங்க பாட்டிமாரு. 'இந்த அளவு போதும், இதுக்கு மேல போவாத'ன்னு ராஜா காட்டின அளவுகோலு நாங்க. உங்க விடுதலைப் பத்திரத்துல எங்கள எதுக்கு எழுதியிருக்கு பாத்தியளா? உங்களுக்குக் குடுத்ததும் பாதி. அதுக்கும் கீழ கெடந்த புலையர், பறையருக்கு அந்த வரியில பேரே இல்ல. காத்து அண்ணாச்சிக்கு இது ஒரு வெற்றிக்கதை. எனக்கு இது வேற கணக்கு.

நாவல்ல ஒரு கண்ணாடிக் குண்டு வருமே, ஓர்மை இருக்கா? பழைய சாமான் கடையில வின்ஸ்டன் வாங்குவான். உள்ள பவளம். இந்தியப் பெருங்கடல்ல இருந்து வந்திருக்கும்னு கடைக்காரன் சொல்லுவான். படிக்கும்போ சிரிச்சேன், நம்ம கடல்லா. கண்ணாடிக்குள்ள அது பெரிய பூ மாதிரி தெரியும். பொலீசு வந்து பிடிக்கும்போ ஒரு பொலீசுக்காரன் அத அடுப்புத் திண்ணையில அடிச்சு ஒடைப்பான், பவளம் மட்டும் தரையில உருண்டு ஓடும். இத்துனூண்டு. இவ்வளவு சின்னதாவா இருந்துச்சுன்னு வின்ஸ்டன் நெனப்பான். நீங்க 1859அ கண்ணாடிக்குள்ள வச்சுப் பாக்குதிய.

சாதாரண ஆளு எதுத்து நிக்கது எப்பிடின்னு கேட்டா, எனக்கு ஓர்மை வாறது 2017 ஒக்கி. புயலு அடிச்சு ஒரு வாரம் ஆச்சு, கடல்ல எத்தன பேருன்னு சொல்ல ஆளில்ல. டிசம்பர் 7 குழித்துறையில தண்டவாளத்துல போய் இருந்தோம். முன்ன நிக்க பெரிய தலைவன் ஒருத்தனும் இல்ல. பொம்பளைய பிள்ளையளத் தூக்கிட்டு கம்பிமேல இருந்தாவ. அதவிட எனக்குப் பெருசாத் தெரிஞ்சது பங்குக் கோயில்ல வச்சிருந்த நோட்டு. கோடு போட்ட நாப்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குள்ளது. வள்ளத்துக்க பேரு, ஆளுக்க பேரு, அப்பனுக்க பேரு, எந்தத் தெரு. திரும்பி வந்தவன் பேருக்கு நேரா ஒரு டிக்கு. டிக்கு விழாத பேர யாரும் அடிக்கப்படாதுன்னு கட்டளை. டிவியில சொன்ன கணக்கு நாளுக்கு நாள் மாறிச்சு. நோட்டு மாறல. உண்மை அமைச்சகத்த எதுத்து நிக்கதுன்னா எனக்கு அந்த நோட்டாக்கும்.


மயிலாடி உளி | திங்கள், இரவு 9.30

கட்டுமரம், அளவுகோல் என்று சொன்னது நெஞ்சில் தைக்கிறது. எத்தனையோ தடவை மேடையில் அந்த உத்தரவைப் பேசியிருக்கிறேன், அந்த ஒரு சொல்லைத் தாண்டியே போயிருக்கிறேன்.


ஆரல்வாய்க் காத்து | திங்கள், இரவு 10.00

நானும் தாண்டினவன்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் வாதத்தை விடவில்லை. கட்டுமரத்தின் நோட்டு என் பக்கம்தான் பேசுகிறது. அது ஒருத்தனின் நாட்குறிப்பு அல்ல, ஊர் எழுதின கணக்கு. வின்ஸ்டனின் தோல்வி, தனியாக எழுதினதில் வந்த தோல்வி.

நாவலின் கடைசியில் புதுப்பேச்சு இலக்கணம் பற்றி ஒரு பின்னிணைப்பு உண்டு. பலபேர் வாசிக்காமல் மூடிவிடுவோம். அது முழுக்க இறந்தகாலத்தில் இருக்கிறது, புதுப்பேச்சில் அல்ல, சாதாரண ஆங்கிலத்தில். 'அந்தக் காலத்தில் இப்படி ஒரு மொழி இருந்தது' என்கிற தொனி. அப்படியானால் கட்சி என்றோ விழுந்துவிட்டது, யாரோ பிழைத்து எழுதுகிறார்கள் என்று வாசிக்க இடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு புத்தகச் சங்கம் பின்னிணைப்பை வெட்டினால்தான் எடுப்போம் என்று சொன்னபோது ஆர்வெல் மறுத்தார். பணம் போனாலும் சரி என்று அதைக் காப்பாற்றி வைத்தார் என்றால் காரணம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் திட்டினதில் கால்வாசியை இதற்காக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சம் முக்கால்வாசி நிற்கிறது. அந்த விழுந்த கதையை ஏன் எழுதவில்லை? 85 சதவீதம் எப்படி எழும்பியது என்பதுதானே நாவல்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பத்திரிகையைத் திருத்துகிற வேலை கற்பனை அல்ல. மத்திய வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடை பற்றி ஒரு பாடம் இருந்தது, அதில் நம்ம மேல்சீலைக் கலகமும் இருந்தது. 2016ல் அந்தப் பகுதி தேர்வுக்கு வேண்டாம் என்று விட்டார்கள், 2019ல் பாடத்தையே எடுத்தார்கள். ஞாபகக் குழி என்று நாவலில் வருமே, காகிதத்தைப் போட்டால் சூளைக்குப் போகிற ஓட்டை, அதேதான்.


வேளிமலை | செவ்வாய், இரவு 12.15

உறக்கம் வரவில்லை.

தம்பி, பாடப் புத்தகக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்தப் பகுதி நாடார்களை வந்தேறிகள், பனையேறிகள் என்று இழிவாக எழுதுகிறது, எடுக்க வேண்டும் என்று குரல் கிளம்பினது டெல்லியில் இல்லை, தமிழ்நாட்டில். 2012லேயே இரண்டு பெரிய கட்சித் தலைவர்களும் எதிர்த்தார்கள். எழுதின விதத்தில் குற்றம் இருந்திருக்கலாம், திருத்தி எழுதச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் ஞாபகக் குழியின் மூடியைத் திறந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. எப்போதும் மேலே இருக்கிறவன்தான் வந்து அழிக்கிறான் என்பதில்லை. அவமானம் தாங்காமல் நாமே அழிக்கச் சொல்வோம்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று ரெண்டு நாளாக யோசிக்கிறேன். பிச்சி, "உத்தரவு ஒரு காகிதம், நடத்தினது ஊர்" என்று எழுதினீர்கள். என் குடும்பத்தில் அந்தக் காலத்தில் பார்வத்தியக்காரர் ஒருத்தர் இருந்திருக்கிறார். கிராமத்தில் வரி பிரித்ததும் ஊழியத்துக்கு ஆள் பிடித்ததும் அந்த உத்தியோகம்தான். வீட்டில் அவரைப் பற்றி இன்னும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். ஆகவே வின்ஸ்டனை நீங்கள் எல்லாரும் எதிர்ப்பாளியாக வாசிக்கிறீர்கள், என்னால் முடியவில்லை. எனக்கு அவன் குமாஸ்தா. கட்சியை வெறுத்துக்கொண்டே கட்சியின் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன். ஒரு கட்டத்தில் இல்லாத ஒரு போர்வீரனை உண்டாக்கி, செய்திக்குள் நுழைத்துவிட்டு, வேலை நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறான் பாருங்கள். 31 வருஷம் நானும் காகிதத்தோடு இருந்தவன். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றபிறகு, மலையாளம் வாசிக்கத் தெரியும் என்று அக்கம்பக்கத்தில் பழைய ஆதாரம், பிரமாணம் எல்லாம் என்னிடம் கொண்டு வருவார்கள். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்ப் பத்திரம், மடிப்பு மடிப்பாக ஓட்டை விழுந்திருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு அம்மை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பாட்டி பெயரில் எழுதின அஞ்சு சென்ட் நிலத்தின் பத்திரம். "உரக்க வாசியுங்க, பிள்ளையும் கேக்கட்டும்" என்றார். வாசிக்கத் தொடங்கினேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் சாதியை எழுதியிருந்த விதம் இருக்கிறதே, இன்று வாயில் எடுக்க முடியாது. நிலத்தை விற்றவன் பெயருக்கு ஒவ்வொரு தடவையும் அடைமொழி, இந்த அம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் அது. ஏழு இடத்தில் வந்தது. ஏழு இடத்திலும் நான் "ஸ்ரீமதி" என்று வாசித்தேன். பேத்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவி என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "அந்தக் காலத்துலயே மரியாதையாத்தான் எழுதியிருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியாதைக்காகச் செய்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். '1984' மறுபடி வாசித்தபிறகு அப்படித் தோன்றவில்லை. என் முன்னோர் எழுதினதை நானே திருத்தி, அவர்களை நல்லவர்களாக்கி அனுப்பியிருக்கிறேன்.


தோவாளைப் பிச்சி | செவ்வாய், காலை 7.40

அண்ணாச்சி, அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கும். மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றீர்களே. உங்களுக்காகத்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.


குளச்சல் கட்டுமரம் | செவ்வாய், காலை 8.15

சாரே, பொறுத்துக்கிடுங்க, நான் அக்கா மாதிரி சொல்லமாட்டேன். கிழவிக்குத் தெரிஞ்சிருக்கலாம். பேத்திக்குத் தெரியாது. அது போய் எல்லாவனுக்கும் சொல்லும், அந்தக் காலத்துல மரியாதையா எழுதினாவன்னு. டிக்கு விழாத பேர நீங்க அடிச்சுட்டிய.


வேளிமலை | செவ்வாய், காலை 8.40

ஆமாம்.


ஆரல்வாய்க் காத்து | செவ்வாய், காலை 9.00

கட்டுமரம், கொஞ்சம் பையப் பேசலாம். வயசானவர் மனசைத் திறந்து சொன்னதை வைத்து அடிக்க வேண்டுமா?


குளச்சல் கட்டுமரம் | செவ்வாய், காலை 9.12

அடிக்கல அண்ணாச்சி. இந்தத் திரியில உள்ளதச் சொன்னது அவரு ஒருத்தருதான். அதனால அவருக்கு நானும் உள்ளதச் சொன்னேன்.


மயிலாடி உளி | செவ்வாய், காலை 11.30

கல்லில் ஒரு தடவை தப்பாக வெட்டிவிட்டால் மாவு வைத்து அடைப்பது உண்டு. வாங்குகிறவனுக்குத் தெரியாது, முதல் மழைக்குத் தெரியும். ஐயா, அந்த அம்மை வீடு எங்கே என்று தெரியும்தானே?


வேளிமலை | செவ்வாய், மதியம் 12.05

தெரியும். வெட்டூர்ணிமடம் தாண்டி. அம்மை போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பேத்தி இருக்கிறாள், கல்லூரியில் படிக்கிறாள்.


நேந்திரன் | செவ்வாய், மதியம் 12.20

சாரே, இந்த வர்ற ஞாயிறு கூட்டம் எனக்க வீட்டுல வைக்கலாம். குலசேகரத்துக்கு பஸ்ஸு உண்டு, உப்பேரியும் நான் வாங்குதேன். பாட்டிக்க டிரங்குப் பெட்டியில ஒரு ஆதாரம் கெடக்கு, மலையாளத்துல. வீட்டுல ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. பாட்டியும் இருப்பா, நல்லா காது கேக்கும்.

எழுதியிருக்கபடியே வாசிக்கணும்.


வேளிமலை | செவ்வாய், மதியம் 12.50

எத்தனை மணிக்கு?